மேசைக்கு அடியில்

டல்சியின் முகம்
மண்டபம் முதல் உச்சிப்புளி வரை
கேபிள் போன வீடெல்லாம் தெரியும்.
எனக்குத் தெரிந்தவை அவள் பாதங்கள்.

ஐஸ் கம்பெனி மாடியில் ஸ்டுடியோ.
கீழே கட்டி உடைக்கும் மெஷின் ஓடினால்
மேலே பேச்சு கேட்காது.
நேரலை, நிறுத்தவும் முடியாது.
அப்போதெல்லாம் அவள் கதையில் இடி இடிக்கும்,
யானை வரும்,
ஒருமுறை ராட்சசனுக்கு வயிற்றுப்போக்கு.

நான் மேசைக்கு அடியில் மடங்கிக் கிடப்பேன்,
வலது கையில் ஆவுளியா.
பள்ளிக்கூடப் பேன்ட்டின் சாம்பல் கால் ஒன்றை வெட்டி
அவளே தைத்த கடல்பசு.
கண்ணுக்குச் சட்டைப் பொத்தான்கள்,
ஒன்றில் நாலு துளை, ஒன்றில் ரெண்டு.
அதனால் எந்நேரமும் யாரையோ சந்தேகப்படும் பார்வை.

பெருவிரலால் என் தொடையில் ஒரு தட்டு: தலையாட்டு.
ரெண்டு தட்டு: சிரி.
நீண்ட அழுத்தம்: வாயை மூடு,
பாத்திரக்கடை விளம்பரம் வருகிறது.

வலது குதிகாலில் மூரை கிழித்த தழும்பு.
ஒரு மழைக்காலம் கொலுசு இல்லை,
பங்குனியில் வந்தது,
ஆடியில் மறுபடி இல்லை.
பாம்பன் அடகுக்கடைக்கும் அவள் கணுக்காலுக்கும்
தனியாக ஒரு படகு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிறு
மேலே முயல் கேரட் தின்றது, பாட்டுப் பாடியது.
கீழே ரெண்டு பாதமும்
ஒன்றின்மேல் ஒன்று ஏறி
ஒளிய இடம் தேடின.
என்னவென்று நான் கேட்கவில்லை. இன்றுவரை.
தட்டு வராமலே
ஆவுளியாவின் தலையை அவள் முழங்கையில் சாய்த்தேன்.
மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஒரு பொடியன்
தன் அம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தான்:
"நேத்து ஆவுளிக்குக் காய்ச்சலாம்மா?"

பிறந்தநாள் வாழ்த்து நேரத்தில்
தங்கச்சிமடத்திலிருந்து போன், பேர் ரொசாரியோ, வயது ஆறு.
"எனக்கு இல்லக்கா. ஆவுளிக்கு எப்ப பொறந்தநாள்?"

எழுதி வைத்த தாளில் அது இல்லை.
பதினொரு வருடத்தில் அந்த ஒரே தடவை
அவள் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தாள்.
கேமரா ஓட, நெற்றிப் பவுடர் வியர்வையில் கோடாக,
தலைகீழாய் அந்த முகம்:
"எப்பய்யா?"

எனக்கென்ன தெரியும்.
என் வீட்டில் யாரும் குறித்து வைக்கவில்லை.
ஒன்றாம் வகுப்பில் வாத்தியார் எங்கள் பத்துப் பேருக்கும்
ஒரே தேதியாகப் போட்டார்.
அதைச் சொன்னேன்:
"ஜூன் ஒண்ணு."

அந்த ஜூனில் நாற்பத்து மூன்று அட்டைகள்.
ஒன்றில் சங்கு ஒட்டியிருந்தது,
ஒன்றில் உண்மையான கடல்பாசி,
காய்ந்தும் நாறியது.
"உனக்குத்தான் செய்யது" என்று
எல்லாவற்றையும் என்னிடமே கொடுத்துவிட்டாள்.

செட்டாப் பாக்ஸ் வந்தது.
ஜப்பான்காரப் பூனைகள் தமிழ் பேசின, எங்களைவிடச் சுத்தமாக.
"அடுத்த ஞாயிறு பாக்கலாம் கண்ணுகளா" என்றாள்.
அடுத்த ஞாயிறு கதவில் பூட்டு.
சம்பளப் பாக்கிக்கு முதலாளி
மேசையை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.
எடுத்தாளா, தெரியாது.

போன வாரம் ராமநாதபுரத்தில்
முழங்காலுக்கு ஸ்கேன்.
மடங்கிக் கிடந்ததன் வட்டி என்கிறார் டாக்டர்.
கவுண்டருக்கு மேலே கண்ணாடி, வெளிச்சம், ஒட்டிய நோட்டீஸ்கள்,
முகம் தெரியவில்லை.
குரல் மட்டும் வயிற்றுப் பிள்ளைக்காரிகளை
ஒவ்வொருவராய்க் கூப்பிட்டது,
ஒவ்வொருவருக்கும் அன்று பிறந்தநாள் போல.

கீழே பலகைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.
குனிந்தேன்.
குதிகாலில் தழும்பு.
கணுக்காலில் கொலுசு, கனமானது.

எழுந்து நின்று பேர் சொல்லியிருக்கலாம்.
மாறாக, பெஞ்சிலிருந்து நகர்ந்து
கவுண்டர் ஓரம் குந்தி
வலது கையை மட்டும் மேலே நீட்டினேன்.
நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் ஒரு பக்கம்.
திறந்தேன். மூடினேன்.

வரிசையில் நின்றவர்கள் விலகினார்கள்.
செக்யூரிட்டி எழுந்தார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை,
கையைப் பார்த்தே கேட்டாள்:
"ஆவுளி, டோக்கன் எத்தன?"

பலகைக்கு அடியில்
பெருவிரல் தரையில்
ரெண்டு தட்டு.